ஒயில் ஏறும் முன்னே வந்த நல்ல நேரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வாகனத்தின் எஞ்சினைத் திறந்து வைத்தால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ, ஆம்பிளைகள் வந்து சுற்றி நின்றுகொள்வார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, ஏதோ கிணற்றுக்குள் ஆள் விழுந்த மாதிரி எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தர் "பம்பு போயிருச்சு" என்பார். இன்னொருத்தர் "பம்பு இல்ல, வயரு" என்பார். காற்றுப் போன டயரைக் கழற்றத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தனும் இருக்கமாட்டான். ஆனால் அபிப்பிராயம் மட்டும் ஆளுக்கு ரெண்டு வைத்திருப்பார்கள்.

நான் இந்தக் கூட்டத்தைப் பல வருஷமாகப் பார்க்கிறவள். றக்வானைக்கு மேலே, பஸ் வந்தாலும் வரும் வராவிட்டாலும் வராது என்கிற ஒரு தோட்ட டிவிஷனில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். என் புருஷன் ஓட்டிய வேன். மஞ்சள் காமாலையில் அவர் போய்ச் சேர்ந்தபோது எனக்கென்று மிஞ்சியது ஒரு மகளும் அந்த வேனும்தான். ஓட்டப் பழக்கிவிட்டது அவர். லைசென்ஸ் எடுத்தது நான், இரத்தினபுரிக்கு அலைந்து அலைந்து. கருமாதி முடிந்த கையோடு நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது, லயத்து வரிசை வீட்டு வாசல்களில் நின்று வாயைப் பிளந்தவர்கள் எல்லாரும் இரண்டே வாரத்தில் தங்கள் பிள்ளைகளை அதே வேனில் ஏற்றிவிட்டார்கள். புத்தகப் பையோடு அட்டைக் கடியில் மலை இறங்கி நடப்பதைவிட ஒரு அறுத்துக்கட்டாத விதவையின் வேன் மேல் என்று தோன்றியிருக்கும். நன்றி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த வேனைக் கொன்றது என் புருஷனின் அண்ணன். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வயசுக்காக மாமா, வேறு எதற்காகவும் இல்லை.

எம்பிலிப்பிட்டியவில் ஒரு கல்யாணம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைக் கேட்டு வாங்கிப் போனார். கொடுக்கும்போது சொன்னேன். "மாமா, டேஷ்போட்டுல செவப்பு லைட்டு ஒண்ணு இருக்கு, ஒயில் லைட்டு. அது எரிஞ்சா உடனே நிப்பாட்டிருங்க." அவர் தலையை ஆட்டினார். அவர் தலை எல்லாவற்றுக்கும் ஆடும். போகும் வழியில் எங்கேயோ ஒயில் கசிந்திருக்கிறது, லைட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்து எரிந்திருக்கிறது. நம்ம பெரிய மனுஷனுக்கு அது கண்ணை உறுத்தியிருக்கிறது. வழியில் ஒரு டவுனில் நிறுத்தி, கடையில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் வாங்கி, அந்த லைட்டுக்கு மேலேயே ஒட்டிவிட்டார். லைட்டும் மறைந்தது, சாமியும் துணைக்கு வந்தாயிற்று. எம்பிலிப்பிட்டிய வரை போனார், சாப்பிட்டார், திரும்பி வந்தார். றக்வானை ஏற்றத்தில் எஞ்சின் ஒரு சத்தம் போட்டு இறுகிப்போய் நின்றது.

ஒரு லொறியில் கட்டி இழுத்து வேனைக் கொண்டுவந்து லயத்து முன்னால் விட்டபோது நான் முதலில் அந்த ஸ்டிக்கரைத்தான் பார்த்தேன். பிள்ளையார் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரை அங்கே உட்காரவைத்த மனுஷன் மேல்தான் எனக்கு வயிறு எரிந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். மாமா பக்கத்தில் நின்று சொன்னார்:

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். பொம்பள கை பட்ட வண்டி. அதுலயும் தாலி எறக்குன கை. எத்தன நாளைக்கித்தான் தாங்கும்?"

எஞ்சினை எரித்தது அவர். கெட்டது என் கை. இந்தக் கணக்கு எங்கள் தோட்டத்தில் யாருக்கும் பிசகாகத் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். லயத்துப் பெண்களே கூட "அவரு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு" என்றார்கள்.

மாமா அதோடு விடவில்லை. இரத்தினபுரியில் தனக்குத் தெரிந்த ஏஜென்சிக்காரனிடம் என்னை வீட்டு வேலைக்கு குவைத்துக்கு அனுப்பப் பேசிவிட்டு வந்தார். மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வாராம். வேனை ரிப்பேர் பண்ணித் தன் மருமகனிடம் கொடுத்து ஓட்டுவாராம். எல்லாவற்றையும் எனக்காகவே யோசித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். அப்போது என் மகள் அஞ்சாம் வகுப்பு. அந்த ஆளுடைய வீட்டில், அந்த ஆளுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டு என் பிள்ளை வளர்வதா? "வேன ஓட வச்சுட்டா நான் போகமாட்டேன்" என்றேன். "ஓடலன்னா?" என்றார். "போறேன்" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் வாசலில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காதில் கிடந்ததையும் அடகு வைத்து எஞ்சினைக் கழற்றி பெல்மதுளைக்கு அனுப்பினேன். அங்கே கராஜ் வைத்திருந்த சிங்கள பாஸ், மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், வேலையை முடித்து, எஞ்சினை வாடகை லொறியில் ஏற்றிக்கொண்டு அவரே மேலே வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதை வேனில் பூட்டி, புது ஒயில் ஊற்றி, "யத்துர தென்ன நங்கி" என்று சாவியைக் கேட்டார். சாவி இல்லை. மாமா அதற்கு முன்பே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். அடுத்த நாள் பௌர்ணமி, போயா லீவு, சனிக்கிழமை. ராகு காலம் முடிந்த பிறகு நல்ல நேரமாம். சாவியை மாரியம்மன் காலடியில் வைத்துப் பூட்டி, காலையில் பூசை செய்து எடுத்து வந்து, கோயில் கமிட்டித் தலைவர் கையால்தான் எஞ்சின் முதல் தடவை சுற்ற வேண்டுமாம். அதற்கு முன்னால் யாரும் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாதாம். முக்கியமாக நான்.

பாஸ் நேரம் காலம் பார்க்காத ஆள் இல்லை. அவர் கராஜிலும் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். ஆனாலும் தலையில் கையை வைத்துக்கொண்டார். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் எனக்குச் சொன்னதன் சாரம் இதுதான்: ஒயில் இப்போது எஞ்சினின் அடியில் தேங்கிக் கிடக்கிறது. மேலே இருக்கிற புது பேரிங்குகளுக்கு ஒரு சொட்டும் போகவில்லை, ஒயில் பில்டரும் காய்ந்து கிடக்கிறது. ஸ்டார்ட் ஆகாமல் எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டு, ஒயிலை முதலில் மேலே ஏற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் எடுத்த எடுப்பிலேயே ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரையும் மிதித்தால், புது பேரிங் உலர்ந்தபடியே உரசி அங்கேயே வீணாகிவிடும்.

மிதிப்பார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். எங்கள் ஊரில் ரிப்பேர் பார்த்த வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைத் தரையோடு அமுக்கி, மேல் டிவிஷனுக்குக் கேட்கிற மாதிரி உறும விடுவது ஒரு சடங்கு. உறுமாவிட்டால் வண்டிக்கு உயிர் வரவில்லை என்பார்கள்.

பாஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சிரித்தார். சாவி இல்லாதது ஒருவகையில் நல்லது என்றார். சாவி போடாவிட்டால் டீசல் போகிற வழி அடைத்தே இருக்கும், எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது, ஒயில் மட்டும் ஏறும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு துண்டு வயரை முடுக்கி, சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்தார். "மேக்க பெட்டரியே தொட்டா சுத்தும்" என்று வயர் நுனியைக் காட்டினார். எஞ்சினிலிருந்து ஒயில் லைட்டுக்கு வயர் போகிற சின்ன சுவிட்சைக் காட்டி, அதைக் கழற்றிவிட்டுச் சுற்றச் சொன்னார். அது இருந்த ஓட்டையில் ஒயில் வந்தால் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். தானே செய்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அதற்குள் எஞ்சினைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது, மாமாவும் காவலுக்கு நிற்கிற மாதிரி நின்றார். இருட்டுகிறது, கடைசி பஸ் என்று பாஸ் இறங்கிப் போனார்.

கோயில் கமிட்டித் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கைராசிக்காரர். இந்தப் பட்டம் அவருக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் பால் காய்ச்சிக் கொடுத்த வீட்டில் முதல் மழைக்கே சுவர் வெடித்தது. "அவரு கை பட்டதாலதான் வெடிச்சதோட நின்னுச்சு, இல்லாட்டி விழுந்திருக்கும்" என்றார்கள். அவர் ரிப்பன் வெட்டித் திறந்த பலசரக்குக் கடை தைப்பொங்கலுக்கு முன்னே மூடியது. "கடைக்காரனுக்கு ஏழரைச் சனி, அவரு என்ன பண்ணுவாரு?" என்றார்கள். இப்படிப்பட்ட கைராசி எனக்கும் வாய்த்திருந்தால் நான் ராணி மாதிரி இருந்திருப்பேன். நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் உன்னால். இதற்கு ராசி எதற்கு, வெட்கம் இல்லாதிருந்தால் போதும்.

சனிக்கிழமை காலை எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. சாவி வரும்போது நான் எதிரில் வரக் கூடாது என்று மாமாவின் மனைவி வந்து சங்கடத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். நல்லதாகப் போயிற்று. கோயில் பக்கம் மேளம் தொடங்கியதும் நான் வேனுக்குப் போனேன். அந்த வேனின் கதவுப் பூட்டு செத்துப் பல காலம், சாவி தேவையே இல்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, வேன் நகராமல் சில்லுகளுக்குக் கல் வைத்து, சீட்டைத் தூக்கினேன். அந்தச் சின்ன சுவிட்சைக் கழற்றினேன். கீழே ஒரு பழைய பால்மா டின்னை வைத்தேன். வயரை பெட்டரியில் தொட்டேன்.

பொறி பறந்தது. எஞ்சின் "கர்... கர்..." என்று கனமாகச் சுற்றியது. ஓட்டையில் ஒன்றுமில்லை. கொஞ்சம் விட்டு, மோட்டார் ஆறியதும் மறுபடியும் தொட்டேன். ஒன்றுமில்லை. ஒயில் பம்பே வேலை செய்யவில்லையோ, பாஸ் எதையாவது பூட்ட மறந்துவிட்டாரோ என்று மனசு கண்டபடி ஓடியது. குவைத்தில் யாரோ ஒருத்தியின் சமையலறையை நான் துடைத்துக்கொண்டிருப்பதும், இங்கே என் மகள் மாமாவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவை தொட்டேன். சுற்றச் சுற்ற, ஓட்டையில் முதலில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் தேன் நிறத்தில் ஒரு கோடு. அப்புறம் பீச்சிக்கொண்டு வந்து என் மணிக்கட்டில் அடித்தது.

அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லமாட்டேன். சுவிட்சைத் திரும்பப் பூட்டினேன். எல்லாம் ஒழுங்காக ஏறட்டும் என்று இன்னும் இரண்டு தடவை சுற்றிவிட்டு, பாஸின் வயரைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டேன்.

ஊர்வலமாக வந்தார்கள். வாழைப்பழத் தட்டு, தேங்காய், தட்டின் நடுவில் பூவுக்குள் என் வேன் சாவி. தலைவர் வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் ஏறி உட்கார்ந்து, கும்பிட்டு, சாவியைப் போட்ட வேகத்தில் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பிடிக்கவில்லை. பிடிக்காது. டீசல் எஞ்சின், மலைக் குளிர், அதுவும் இத்தனை நாள் நின்றது. சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் லைட்டு அணையும் வரை பொறுத்து, அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பொறுமை என்பது கைராசியில் சேராதுபோல. அவர் பாட்டுக்குத் திருகிக்கொண்டே இருந்தார். பெட்டரி இளைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நான்தான் சொன்னேனே, இது ஓடாது" என்றார் மாமா, கூட்டத்தைப் பார்த்து. அவர் குரலில் துக்கம் இல்லை.

நான் நேராக நடந்து போய் வேன் கதவைத் திறந்தேன். "எறங்குங்க தலைவரே."

"ஏம்மா, நல்ல நேரத்துல நீ வந்து..."

"இந்த எஞ்சின மொதல்ல சுத்துனது நான்தான். காலையில, நீங்க எல்லாம் கோயில்ல இருக்கப்ப சுத்தி ஒயில ஏத்திட்டேன். இல்லாட்டி நீங்க இப்ப திருகுன திருகலுக்கு உள்ள எல்லாம் தேஞ்சிருக்கும்."

"காலையிலயா?" மாமாவுக்குக் கண் வெளியே வந்துவிட்டது. "ராகு காலத்துலயா? நீயா?"

"ஆமா மாமா, ராகு காலத்துல நானேதான்."

கூட்டத்தில் ஒருத்தரும் ஒயில் என்றால் என்ன என்று கேட்கவில்லை. பரிகாரம் என்ன செய்வது என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்தச் சந்தடியில் தலைவர் இறங்கினார், நான் ஏறினேன். சாவியைப் பாதி திருப்பினேன். ஹீட்டர் லைட்டு அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பினேன். எஞ்சின் ஒரு தடவை இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. ஒயில் லைட்டு அணைந்தது. ஆக்சிலேட்டரில் நான் காலே வைக்கவில்லை. வெறுமனே, சன்னமாக, அது பாட்டுக்கு ஓடவிட்டேன். "மிதிம்மா, மிதி! உறும விடு!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தலைவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் மொதல்ல திருப்பித் திருப்பி எளக்கி வச்சதாலதான் இப்ப பிடிச்சுச்சு." கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டியது. அவருக்கு மாலையும் போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

அதற்குள் மாமா மறுபக்கக் கதவால் தலையை நுழைத்தார். கையில் புது ஸ்டிக்கர். மறுபடியும் பிள்ளையார், இந்த முறை ஜிகினா வைத்தது. "ராகு காலத் தோஷம் போகட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, அதே இடத்தில், அதே லைட்டின் மேல் ஒட்டக் கையை நீட்டினார். அந்த மனுஷனுக்கு இவ்வளவு நடந்தும் ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புருஷனின் அண்ணன் கையைப் பிடிப்பது எங்களுக்குள் நடக்காத காரியம்.

"சாமி உங்க கண்ண மறைக்கட்டும் மாமா. என் லைட்ட மறைக்க வேணாம்."

அவர் கையை உதறிக்கொண்டு இறங்கினார். "ராகு காலத்துல, இவ கையால ஸ்டார்ட் பண்ண வண்டி. எவன் புள்ளைய ஏத்துவான்னு பாப்போம். புள்ள ஏறலன்னா வண்டி எதுக்கு? குவைத்துக்குப் போறேன்னு சொன்ன வார்த்த அப்படியேதான் இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அது வெறும் மிரட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும். எஞ்சினை நான் காப்பாற்றிவிடலாம். பிள்ளைகள் ஏறாத வேனை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வாசலுக்கு ஒருத்தரும் வரவில்லை. எதிர் லயத்துப் பெண் என்னைக் கண்டதும் பீலியில் பாதிக் குடத்தோடு திரும்பிப் போனாள். என் மகள் மட்டும், "அம்மா, நாளைக்கு நான் முன் சீட்டு" என்றாள்.

திங்கட்கிழமை காலை பனி இறங்கிக் கிடந்தது. மகளை முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, வேனை லயத்து முனையில் நிறுத்திவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். யாரும் வரவில்லை. கொஞ்சம் கழித்துக் கோயில் திருப்பத்தில் ஆள் அசைவு தெரிந்தது. மாமாவின் மனைவி. ஒரு கையில் பேத்தி, இன்னொரு கையில் பேத்தியின் பை. மருமகனுக்குக் கொடுக்கப்போவதாக இருந்த அதே வேனுக்கு, அந்த மருமகனுடைய பிள்ளைதான் முதல் ஆளாக வந்தது. பின்னால் பனிக்குள்ளிருந்து மற்ற பிள்ளைகளும் தாய்மாரும் ஒவ்வொருவராக வந்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான்.

"என்னக்கா, மாமா ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினாள். "சொன்னாரு. அந்த செவப்பு லைட்டு எரியுதான்னு நல்லாப் பாத்துட்டு, எரியலன்னாத்தான் புள்ளைய ஏத்தச் சொன்னாரு."

நான் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகும் வரை வழக்கமாக எரிகிற சிவப்பு லைட்டு எரிந்தது. அக்கா பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஹீட்டர் லைட்டு அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் பிடித்தது, லைட்டு அணைந்தது.

"பாத்தீங்களா அக்கா? போயி சொல்லுங்க."

அவள் பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டாள். மற்றவர்களும் ஏறத் தொடங்கினார்கள்.